குடம் நிரம்பும் ஓசை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே பெரியவர்கள் பலர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பொதுக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டு நிற்பீர்கள். குடம் நிறையப் போவதை எட்டிப் பார்க்காமலே காது சொல்லிவிடும், இல்லையா? தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது. ஓசை கீச்சென்று உயர்கிறது. ஒரு பொருளை அதன் இயல்பான அதிர்வுக்கு ஒத்த வேகத்தில் ஆட்டினால் அது பெரிதாக அதிரும்; இதுதான் ஒத்ததிர்வு. அந்தப் பாடத்தைக் குடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நாமோ வரையறையைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பிள்ளையின் காதுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு வாளித் தண்ணீர், இருபுறமும் திறந்த 40 சென்டிமீட்டர் பிவிசி குழாய், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இருகிளை உலோகக் கருவியான இசைக்கவை. இவ்வளவு போதும். குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, 512 ஹெர்ட்ஸ் கவையை, அதாவது நொடிக்கு 512 முறை அதிரும் கவையை, தட்டி அதன் வாயருகே பிடியுங்கள். சத்தம் கேட்டும் கேட்காமலும் இருக்கும். கவையோடு சேர்த்துக் குழாயை மெல்ல உயர்த்துங்கள். தண்ணீருக்கு மேல் 16 சென்டிமீட்டர் வந்ததும் குழாய் வாய்விட்டுப் பாடும். இன்னும் இரண்டு விரற்கடை தூக்கினால் அடங்கிவிடும்.

ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதில்லையா, அதே கதைதான். கவை அனுப்பிய அலை தண்ணீரில் மோதித் திரும்பி, அடுத்த தள்ளலோடு சரியாகச் சேர்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். 512ஆல் வகுத்தால் ஓர் அலை 68 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 17. குழாய் வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று கூடவே அதிர்வதால் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது.

அப்புறம், ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கவையின் காம்பை மேசையில் ஊன்றினாலும் சத்தம் பெருகும். அதையும் ஒத்ததிர்வு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். மேசை எந்தக் கவை ஆட்டினாலும் ஆடும். குழாய் அப்படியல்ல: 256 ஹெர்ட்ஸ் கவையை அதே 16 சென்டிமீட்டரில் பிடித்தால் வாய் திறக்காது, 33 வரை தூக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளை தன் காதாலேயே பிடிக்கட்டும்.

கூடுதல் சத்தம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள், கேட்க வேண்டும். எல்லாம் கவையில் இருந்த ஆற்றல்தான், வேகமாகச் செலவாகிறது. மேசையில் ஊன்றிய கவை சீக்கிரம் ஓய்வதைக் கடிகாரம் வைத்தே காட்டிவிடலாம்.

சரி, வாளியும் குழாயும் மேடையோரம் இருக்கின்றன. பிள்ளைகள் முன்னால் வாருங்கள். யாராவது அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.