400 டன்னில் ஒரே பானை: கொலம்பியாவின் களிமண் வீட்டுக்குள்ளே

[காட்சி: வெளியிலிருந்து வீடு. செம்மண் நிறம், எங்கேயும் நேர்கோடு இல்லை.]

இப்ப நீங்க பார்க்கிறது ஒரு பானை. இந்தப் பானைக்குள்ள மாடிப்படி இருக்கு, சமையலறை இருக்கு, கட்டில் இருக்கு, குளியலறை இருக்கு. களிமண் மட்டும் ஏறக்குறைய 400 டன்.

வணக்கம் மக்களே. ஒரு செங்கல் 3 கிலோன்னு வச்சுக்கோங்க. 400 டன்னுக்கு 1,33,000 செங்கல் வரும். அத்தனையும் தனித்தனியா இல்லாம ஒரே உடம்பா ஒட்டி நின்னா எப்படி இருக்கும்? அதுதான் காசா தெர்ராகோட்டா.

கதையைச் சுருக்கமா முடிச்சிடலாம். இடம் கொலம்பியா நாட்டில் வீஜா டி லேவா என்கிற பழைய ஊர். கட்டினவர் ஒக்டாவியோ மெண்டோசா என்கிற கட்டடக் கலைஞர். 1990-களின் இறுதியில் ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல கையாலேயே கட்டினார். பரப்பு 5,400 சதுர அடி. நம்ம மலேசியாவுல தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, 20 அடிக்கு 70 அடி மனையில இருக்கிற இரட்டை மாடி டெரஸ் (வரிசை) வீட்டுக்குள்ள 2,000 சதுர அடி சொச்சம் இருக்கும். அதுல ரெண்டரை வீடு இதுக்குள்ள அடங்கும். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: ரெண்டு கண்ணாடி டம்ளர், தண்ணீர்.]

பல பேர் இதை "மண் வீடு"ன்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கல, ஏன்னா மண் வீடு சுடாத மண், இது பானை மாதிரி சுட்ட மண். நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஒரு டம்ளர்ல, போன பொங்கலுக்கு வாங்கி உடைஞ்ச பானையோட ஓடு ஒண்ணு போடுங்க. இன்னொண்ணுல, சுடாத களிமண்ணைக் கோலிகுண்டு அளவுக்கு உருட்டி, ஒரு வாரம் நல்லாக் காயவச்சுப் போடுங்க. ஓடு அப்படியே கிடக்கும். உருண்டை குமிழ் விட்டு, உதிர்ந்து, கொஞ்ச நேரத்துல சேறாயிடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம்: உருண்டை எவ்வளவு நல்லாக் காயுதோ, அவ்வளவு சீக்கிரம் கரையும்! பாதி ஈரமா இருக்கிற உருண்டை மெதுவாத்தான் கரையும். காய்ஞ்ச மண்ணுக்குள்ள துவாரமெல்லாம் காலியா இருக்கு; தண்ணீர் சர்ருன்னு உள்ளே ஏறும்போது அங்கே இருந்த காற்று தள்ளிக்கிட்டு வெளியே வரும், மண் பிளந்துடும். அதனால வெயில்ல எத்தனை மாசம் காய்ஞ்சாலும் அது பச்சை மண்ணுதான். நெருப்புதான் அதை மாத்தும்.

நெருப்பு என்ன பண்ணுது? நூறு டிகிரி வரைக்கும் மண்ணுக்குள்ள சும்மா தங்கியிருக்கிற தண்ணீர் போகும். 450-ல இருந்து 600 டிகிரிக்குள்ள, களிமண்ணோட அமைப்பிலேயே பிணைஞ்சு கிடக்கிற தண்ணீர் போகும். அது போயிட்டா, எத்தனை தண்ணீர் ஊத்தினாலும் திரும்பக் களிமண் ஆகாது. நடுவுல 573 டிகிரியில மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் என்கிற கனிமம் சட்டுன்னு வீங்கும், ஆறும்போது அதே இடத்துல சுருங்கும். அவசரப்பட்டு ஆறவச்சா விரிசல் விடறது பெரும்பாலும் இங்கேதான். 900, 1,000 டிகிரிக்குப் போனா நமக்குத் தெரிஞ்ச செம்மண் ஓடு கிடைச்சுடும்.

பானை சூளையில வெடிக்குதே, அதுக்குக் காரணம் காற்றுக் குமிழ்னு சொல்வாங்க. உண்மையான வில்லன் ஈரம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானா ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். அரை அங்குலப் பானைச் சுவர்லேயே அது வெளியேற வழி தேடும். ஒரு அடி தடிமன் சுவர்ல என்ன ஆகும்? அதனால முதல்ல மணிக்கணக்கா, பெரிய வேலைன்னா நாள்கணக்கா, சின்னத் தீயில வாட்டுவாங்க. புகைத்துவாரத்துல ஒரு கண்ணாடியைக் காட்டிப் பார்க்கணும். ஆவி படிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. படியலைன்னா தீயைக் கூட்டலாம்.

சரி, வீட்டை வைக்கிற அளவுக்கு யாருகிட்ட சூளை இருக்கு? அந்த வீட்டையே சூளை ஆக்கணும்!

[காட்சி: கைவரைபடம். வளைவுக் கூரை, உள்ளே அடுக்கிய செங்கல், கீழே தீ.]

1970-களின் பிற்பகுதியில ஈரான்ல நாதர் கலீலி என்கிற கட்டடக் கலைஞர் இதைச் செஞ்சு காட்டினார். நம்ம தமிழ் மண்ணுக்கும் இதுல பங்கு இருக்கு. புதுச்சேரியில ரே மீக்கர் என்கிற குயவர் 1980-களின் நடுவுல ஆரம்பிச்சுப் பல வருஷம் இந்த மாதிரி வீடுகளைச் சுட்டார். பச்சைச் செங்கல், சேறு, வளைவுக் கூரை. கட்டி முடிச்ச வீட்டுக்குள்ள பச்சைச் செங்கலும் ஓடும் அடுக்கி, வாசலையும் சன்னலையும் அடைச்சு, தீவாய் மட்டும் விட்டு, விறகு போட்டு நாள்கணக்கா எரிக்கிறது. உள்ளே வெந்த செங்கலை எடுத்து வித்தா விறகுக் காசுல ஒரு பங்கு திரும்பும். இந்த யோசனைக்கே ஒரு கைத்தட்டல் குடுக்கணும்.

தப்பு எங்கே நடக்கும்? தீ உள்பக்கம்தானே இருக்கு. சுவரோட உள்முகம் செங்கல் ஆகியிருக்கும், வெளிமுகம் பச்சை மண்ணாவே நிக்கும், மழையில கரையும். அதனால வெளியே சூடு தப்பாம வைக்கோல் கலந்த சேற்றைக் கனமா அப்பணும், அப்படியும் வேகாத இடத்துக்குப் பூச்சு வேணும்.

சுருக்கம் இன்னொரு தலைவலி. களிமண் காயும்போது 8 விழுக்காடு சுருங்குதுன்னா, ஆறடி உயரச் சுவர் ஐந்தே முக்கால் அங்குலம் குறையும். அடிப்பாகம் காய்ஞ்சு இறுகினப்புறம் மேல ஈர மண்ணை ஏத்தினா, சேர்ற இடத்துல பிளந்துடும். மணல், வைக்கோல், சுட்ட ஓட்டுத் தூள் கலக்கிறது இந்தச் சுருக்கத்தைக் குறைக்கத்தான். குவாலா சிலாங்கூர் பக்கம் பொங்கல் பானை வனையிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்க, மண்ணுக்கு மணல் எவ்வளவுன்னு கையால தொட்டே சொல்வாங்க.

வளைவு ஏன்? களிமண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைவுல எல்லாம் அமுக்கம்தான். முடிஞ்சது.

காசா தெர்ராகோட்டாவுக்குப் போகணும்னு தோணுதா? கோலாலம்பூர்ல இருந்து நேரடி விமானம் கிடையாது, போகோட்டாவுல இறங்கணும். நேரம் நமக்கு 13 மணி பின்னாடி. அங்கிருந்து துன்ஹா வழியா பஸ்ல நாலு மணி நேரம் சொச்சம். ஊர் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு, அதாவது கேமரன் மலையில நாம ஏறுற பிரிஞ்சாங் உச்சியை விட உயரம். ஸ்வெட்டர் கட்டாயம். முதல் நாள் மூச்சு வாங்கும், மெதுவா நடங்க. ஒரு நாள் கூட இருந்தா பக்கத்து ஊர் ராக்கிராவை விடாதீங்க, ஊரே மண்பாண்டம்.

கடைசியா, நீங்க கேட்கப்போற கேள்வி: பினாங்குல இது நிக்குமா? நிக்கும், ஆனா வேலை வாங்கும். அங்கே வறண்ட மேடு. இங்கே வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. சுட்ட மண் கரையாது, ஆனா தண்ணீரை உறிஞ்சும். பாசி பிடிக்கும், தரையிலிருந்து ஈரம் ஏறும். இதுக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல இருக்கிற பழைய கடைவீடுகள்ல (கீழே கடை, மேல வீடு) பதில் இருக்கு. பழைய செங்கல் சுவர், மேல சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே ஏறின ஈரம் சுண்ணாம்பு வழியா வெளியேறிடும். அதைச் சுரண்டி சிமெண்ட் பூசினா ஈரம் மாட்டிக்கும். அதோட வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் பொடிப்பொடியா உதிரும். "சிமெண்ட் போட்டா உறுதி"ன்னு நம்பிப் பழைய சுவரைக் கெடுக்கிறதைப் பார்க்கிறப்ப வயிறு எரியுது.

அடுத்த தடவை ஜார்ஜ்டவுன்ல லெபோ பசார் தெருப் பக்கம் போனீங்கன்னா, கடைவீடுகளுக்கு முன்னாடி கூரையோட இருக்கிற ஐந்தடி நடைபாதைத் தூண்களோட முழங்கால் உயரத்தைப் பாருங்க. வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா அது அந்த உப்புதான். போட்டோ எடுத்து, எந்தத் தெருன்னு எழுதி, கமெண்ட்ல போடுங்க.