எழுதும்போது எந்த இசை?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். வகுப்பறையில் மாணவர்களுக்கு இசையை ஒலிக்கச் செய்வது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். அந்த அனுபவத்தை முன்வைத்தே பேசுகிறேன்.

கடற்கரைப் பள்ளியில் முழு அமைதி என்பது கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருக்கும், பனையோலைகள் சலசலக்கும், அலையோசை ஓயாது. இவை எதுவும் எங்கள் பிள்ளைகளின் கவனத்தைக் கலைத்ததில்லை. ஆனால் தாழ்வாரத்தில் இரண்டு பேர் நின்று மெல்லப் பேசினால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் பென்சில்கள் நின்றுவிடும். அலையில் சொல் இல்லை, பேச்சில் சொல் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதற்கே நான் திரும்பத் திரும்ப வருவேன்.

பணியில் சேர்ந்த புதிதில் என் சம்பளத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ‘எங்கள் ஊர்க் கடற்கரை’ என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, அவர்கள் மகிழ்ச்சியாக எழுதட்டும் என்ற எண்ணத்தில், திரைப்பாடல்களைத் தாழ்வாக ஓடவிட்டேன். அன்றிரவு நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு சிறுமியின் வரியில் என் கண் நின்றுவிட்டது. “எங்கள் அப்பா வலையை நெஞ்சில் காயப்போடுவார்” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கரையில் என்று எழுத நினைத்த பிள்ளையின் கையில், பாடலில் அடிக்கடி வந்த நெஞ்சு புகுந்துகொண்டது. மறுநாள் அவளை அழைத்துக் கேட்டேன். நோட்டை அவளே வியப்போடு பார்த்துவிட்டு, “நான் எழுதல சார், அதுவா வந்துருச்சு” என்றாள். அவள் சொன்னதுதான் உண்மை. இன்னும் நான்கைந்து நோட்டுகளில் வாக்கியங்கள் பாதியிலேயே நின்றிருந்தன. பிள்ளைகள்மேல் கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை, தவறு என்னுடையது.

இதன் காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்தே படித்துத் தெரிந்துகொண்டேன். ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நாம் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்கு வேண்டியதை மனம் எவ்வாறு தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை 1974ஆம் ஆண்டு விளக்கினார்கள். எழுதப்போகும் சொல்லை நாம் உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? வெளியிலிருந்து காதில் விழும் சொல்லும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே பிள்ளைகள் எழுதும்போதும் படிக்கும்போதும் சொல்லில்லாத இசைதான் பொருந்தும். வீணையும் புல்லாங்குழலும் எனக்குக் கைகொடுத்தன. நாதசுரம் உயர்ந்த இசை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எங்கள் பிள்ளைகளுக்கு அது கல்யாண வீட்டையும் கோயில் திருவிழாவையும் நினைவூட்டியதால் எழுதும் நேரத்துக்கு ஏற்றதாக அமையவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மொசார்ட்டின் இசையைக் கேட்டால் பிள்ளையின் அறிவு வளரும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குக் காரணமாக 1993இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற கணிப்புகளில் மட்டுமே அவர்கள் சற்று மேம்பட்டார்கள். அதுவும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கே நீடித்தது. அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இசை பாடத்துக்கு நேரடியாகத் துணைசெய்யும் இடமும் உண்டு. மிருதங்கத்தில் சி. எஸ். முருகபூபதியைத் தந்த ஊர் நம் இராமநாதபுரம். ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை வரும் மிசிர நடையில் ‘தகிட தகதிமி’ என்று ஒரு சுற்று முடியும்போது பிள்ளைகள் ஒரு விரலை மடக்குவார்கள். மூன்று விரல் மடங்கினால் இருபத்தொன்று. ஏழாம் வாய்ப்பாட்டை அப்படித்தான் அவர்கள் கைவசமாக்கினார்கள்.

சொல்லுள்ள பாட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அதைக் கேட்கும்போது வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாட, ஒரு மாணவனின் தாத்தாவை ஒருமுறை வகுப்புக்கு அழைத்துவந்தேன். அவர் ஒரு வரியைப் பாட, பிள்ளைகள் “ஏலேலோ” என்று மறுமொழி தந்து, கிணற்றுக் கயிற்றை வலைக்கயிறாகப் பிடித்து ஒன்றாக இழுத்தார்கள். மூச்சை எங்கே வாங்க வேண்டும், எங்கே எல்லோருடைய பலமும் சேர வேண்டும் என்பதைப் பெரியவர் கையசைத்துக் காட்டினார். திக்கித் திக்கி வாசித்த ஒரு பையன், அடுத்த வாரம் செய்யுளை வாசிக்கும்போது அந்தக் கையசைவைத் தானே செய்துகொண்டு, சீர் பிரியும் இடத்தில் நின்று நின்று முழுவதையும் வாசித்து முடித்தான்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். காலை வணக்கக் கூட்டத்துக்கான இசையைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். இப்போது அதற்கு இடமில்லை. ஒலியின் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கரும்பலகை அருகே நின்று இயல்பான குரலில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும்; கடைசி வரிசையில் இருக்கும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்காவிட்டால் ஒலியைக் குறைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.