உளுந்து வேரில் இருந்து கியூபிட் வரை: ஓப்பன்ஃபெர்மியான் என்ன செய்கிறது?

[காட்சி: தாமிரபரணிப் பாசன வயல். நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து. ஒரு செடியைப் பிடுங்கி, வேர் கேமராவுக்கு அருகில்.]

வணக்கம். பிசான அறுப்பு முடிந்த வயலில் போட்ட உளுந்து இது. வேரில் குண்டூசித் தலை மாதிரி முடிச்சுகள் தெரிகின்றனவா? ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் இருக்கும் பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனை இந்த மண்சூட்டிலேயே அம்மோனியாவாக்கி விடுகிறது. தூத்துக்குடி ஸ்பிக் போன்ற உர ஆலைகளில் அதே அம்மோனியாவுக்கு 400 டிகிரி வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவை.

பாக்டீரியாவின் நொதிக்குள் ஒரு சின்ன அணுக்கொத்து இருக்கிறது. பெயர் ஃபெமோகோ: 7 இரும்பு, 1 மாலிப்டினம், 9 கந்தகம், 1 கார்பன். அதன் எலக்ட்ரான்களைத் துல்லியமாகக் கணக்கிடச் சூப்பர் கம்ப்யூட்டரே திணறுகிறது. எலக்ட்ரான் உட்காரும் இடம் ஒன்று கூடினால் நிலைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 50 இடம் என்றால்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். குவாண்டம் கணினியிலும் கியூபிட் (அதன் தகவல் அலகு) ஒன்று கூடினால் நிலைகள் இரட்டிப்பாகும். அதன் மேல் வேதியியலாளர்களுக்கு ஆசை வந்தது இதனால்தான்.

[காட்சி: லேப்டாப் திரை.]

ஆனால் குவாண்டம் கணினிக்கு மூலக்கூறு என்றால் என்னவென்றே தெரியாது. பைஎஸ்சிஎஃப், சை4 போன்ற வேதியியல் மென்பொருள்கள் தருவதோ எலக்ட்ரான்களின் ஆற்றல் எண்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, அந்த எண்களைக் கியூபிட் மொழிக்கு மாற்றும் மென்பொருள்தான் ஓப்பன்ஃபெர்மியான். 2017 அக்டோபரில் கூகுளும் பல பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள். பைத்தானில் எழுதியது, அப்பாச்சி 2 உரிமம். காசு கிடையாது, உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

ஹைட்ரஜன் மூலக்கூறை எடுப்போம். அணுக்களுக்கு இடையே 0.7414 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவுகளுக்கான நீள அலகு). எஸ்டிஓ-3ஜி என்ற மிக எளிய அடிப்படையில் (எலக்ட்ரான் உட்காரும் இடங்களை விவரிக்கும் சூத்திரத் தொகுப்பு) எலக்ட்ரானுக்கு 4 இடங்கள், எனவே 4 கியூபிட். இடம் நிரம்பினால் 1, காலியானால் 0. இவ்வளவுதானா என்றால், சிக்கலே இனிமேல்தான். இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் கணக்கின் குறி கூட்டலில் இருந்து கழித்தலாகும். கியூபிட்டுக்கு அந்தக் குணம் இல்லை.

[காட்சி: பாளையங்கால்வாய். வரிசையாக மடைகள்.]

இந்த மடைகளைப் பாருங்கள். நான்காவது மடையில் கை வைக்கும் முன், மேலே உள்ள மூன்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை என்றால் குறி மாறும், இரட்டைப்படை என்றால் மாறாது. 1928-இல் ஜோர்டனும் விக்னரும் கண்டுபிடித்த வழி இதுதான். நான்காவது கியூபிட்டைத் தொடும்போது முன்னால் உள்ள மூன்றிலும் 'இசட்' என்ற கணிதச் செயலை வைக்கிறோம்: கியூபிட் 1 என்றால் அது குறியை மாற்றும், 0 என்றால் மாற்றாது. குறி தானாகச் சரியாகிவிடும்.

[காட்சி: திரையில் நிரல் ஓடுகிறது.]

ஓப்பன்ஃபெர்மியானில் இதற்கு ஒரே வரிதான். ஓடவிட்டால் திரையில் 15 உறுப்புகள் விழும்: ஒன்று வெறும் எண், மற்றவை எக்ஸ், ஒய், இசட் என்ற கியூபிட் செயல்களின் சேர்க்கைகள். குவாண்டம் கணினிக்கு இந்த மொழி புரியும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சராசரியாகப் பார்க்கும் பழைய முறையில் விடை −1.1167 ஹார்ட்ரீ (அணு அளவில் ஆற்றலின் அலகு), இதே அடிப்படையில் முழுக் கணக்கு −1.1373. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் வேதியியலில் பொறுத்துக்கொள்ளும் பிழை 0.0016 ஹார்ட்ரீதான். பத்து மடங்குக்கு மேல் தவறிவிட்டோம்!

அப்புறம் ஒரு விஷயம். பைஎஸ்சிஎஃப் விண்டோஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸ் வேண்டும், இல்லையென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்ளுங்கள். காலேஜ் லேபில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, ஃபெமோகோ கணக்கு எப்போது முடியும்? "குவாண்டம் வந்துவிட்டது, உர ஆலைக்கு வேலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-இல் கூகுள் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் போட்ட மதிப்பீட்டில் சுமார் 40 லட்சம் கியூபிட், நான்கு நாளுக்குள் ஓட்டம். இன்றைய இயந்திரங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. அந்த மதிப்பீட்டு நிரலும் ஓப்பன்ஃபெர்மியானுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணை மாற்றி நீங்களே ஓட்டலாம். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஹைட்ரஜன் முடிந்ததும் லித்தியம் ஹைட்ரைடு போடுங்கள். 12 கியூபிட், 600-க்கு மேல் உறுப்புகள். சாதாரண லேப்டாப்பே தாங்கும்.