பேண்ட் குட்டையான பையன்

நேயர்களே வணக்கம். நான் சென்னையில பசங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தர்றேன். பேச வாங்கன்னு ரேடியோல கூப்பிட்டப்ப எதைப் பேசுறதுன்னு யோசிக்கவே இல்ல, ஏன்னா போன மாசம்தான் ஒரு அம்மா ஹால் வாசல்ல நிறுத்தி, "சார், ரெண்டு வருஷம் முன்னாடி சூப்பரா பண்ணிட்டு இருந்தான், இப்ப சோம்பேறியாயிட்டான், பேசாம டியூஷன்ல சேத்துடவா"ன்னு கேட்டாங்க.

பையனுக்கு 13 வயசு. ஸ்கூல் பேண்ட் கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு, அவ்ளோ வேகமா வளந்துட்டான். ஹை பார்ல, அதாவது உயரத்துல குறுக்கா இருக்கிற ஒத்தைக் கம்பியில, கிப்னு ஒண்ணு இருக்கு, தொங்கிட்டே ஒரு ஆட்டம் ஆடி, ரெண்டு காலையும் பார் கிட்ட கொண்டுவந்து, கையால பாரை அழுத்தி மேல ஏறிடணும், அதை 11 வயசுல அசால்ட்டா பண்ணவன் இப்ப பாதியில நழுவி விழறான். சோம்பேறித்தனம் இல்லைங்க அது. பசங்க 13, 14 வயசு வாக்குலதான் மடமடன்னு வளருவாங்க, முதல்ல எலும்பு நீளும், பலம் கொஞ்ச மாசம் கழிச்சுதான் வந்து சேரும், அந்த இடைவெளியில கால் நீளமாயி கனமாயிடும், ஆனா கை பழைய பலத்தோடயே நிக்கும், அப்புறம் எப்படி ஏறுவான்? மணிக்கட்டு வலிக்குதுன்னு சொன்னாலும் சாக்குன்னு நினைச்சுடாதீங்க, வளர்ற எலும்போட முனை இன்னும் இறுகாம இருக்கும், இந்த விளையாட்டுல உடம்பு வெயிட் மொத்தமும் அங்கதான் விழும், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதெல்லாம் எனக்கும் ஆரம்பத்துல புரியல. இதே மாதிரி ஒரு பையனை எல்லார் முன்னாடியும் "நடிக்காதடா"ன்னு கத்திட்டேன், ஒரு வாரம் வந்தான், அப்புறம் வரவே இல்ல. இன்னிக்கும் அது மனசுல உறுத்திட்டே இருக்கு.

இப்ப வளர்ற மாசங்கள்ல பெரிய ஐட்டம் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு தலைகீழா கையில நிக்கிற ஹேண்ட்ஸ்டாண்ட், கையை ஊனி காலை முன்னாடி நேரா நீட்டித் தூக்கி நிக்கிற எல்-சிட்னு அடிப்படைக்கே திரும்பிடுவோம். ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு நாப்பது பக்க நோட்டு இருக்கும், இன்னிக்கு என்ன கூடுச்சோ அதை அவனே எழுதணும், "எல்-சிட் 10 செகண்ட், இன்னிக்கு 12"னு அவன் கையெழுத்துல இருக்கணும். பொத்தாம் பொதுவா "நல்லா பண்ணடா"ன்னா பசங்க காதுலயே வாங்க மாட்டாங்க, "இன்னிக்கு முட்டி மடங்கல"ன்னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

பெத்தவங்க அவசரப்படுறது புரியுது. ஆனா ஆம்பளைங்களுக்கு சர்வதேச சீனியர் போட்டியே 18 வயசுலதான் ஆரம்பிக்குது. தொங்குற ரெண்டு வளையத்துல பண்ற ரிங்ஸ்ல டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம் எடுத்த சீனாவோட லியூ யாங்குக்கு பாரிஸ்ல வயசு 29. நம்ம ஆஷிஷ் குமார் 2010 டெல்லி காமன்வெல்த்ல ஓடி வந்து மேசையைத் தாண்டுற வால்ட்ல வெள்ளி, ஃப்ளோர்ல வெண்கலம் எடுத்தாரு, அதுக்கு முன்னாடி ஜிம்னாஸ்டிக்ஸ்ல இந்தியாவுக்கு காமன்வெல்த் மெடலே கிடையாது.

எனக்கு ஒரு ஐட்டம்தான் வருதுன்னு வருத்தப்படுற பசங்களுக்கு அமெரிக்க வீரர் நெடோரோசிக் கதையை சொல்லுவேன். பாரிஸ் ஒலிம்பிக் டீம் ஃபைனல்ல அமெரிக்கா டீமுக்கு அவர் பண்ணது பாமல் ஹார்ஸ் மட்டும்தான், கைப்பிடி வச்ச மேடையில கையை ஊனி காலைச் சுழட்டுறது அது, மத்தவங்க ஒவ்வொரு ஐட்டமா முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்து, கடைசி ஆளா ஏறி கச்சிதமா முடிச்சாரு, 2008க்கு அப்புறம் அவங்க ஆண்கள் டீமுக்கு ஒலிம்பிக் மெடல் வந்தது அன்னிக்குத்தான்.

மெரினாவுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பல்டி அடிக்கிற பசங்களைப் பாத்திருப்பீங்க, ஒருத்தன் அடிப்பான், நாலு பேர் நின்னு "டேய், இன்னொரு வாட்டி"ன்னு கத்துவாங்க. (ஈர மணல் கட்டாந்தரை மாதிரி, கழுத்து ஜாக்கிரதை தம்பிகளா.) அந்த நாலு பேர் சத்தம் என் ஹாலுக்குள்ளயும் கேக்கணும்னு ஆசைப்பட்டுத்தான், ஒருத்தன் பார்ல ஏறுனா மத்தவங்க எல்லாம் அவனையே பாக்கணும்னு வச்சிருக்கேன்.

அந்த அம்மாகிட்ட ஆறு மாசம் டைம் கேட்டிருக்கேன், சரின்னு சொல்லிட்டாங்க. போன வியாழக்கிழமை அந்தப் பையன் பார்ல முக்காவாசி ஏறிட்டு விழுந்தான், சுத்தி நின்ன பசங்க ஓன்னு கத்துனாங்க. மேட்ல மல்லாந்து படுத்தே சிரிச்சான், எழுந்து போய் நோட்டுல "முக்கா கிப்"னு எழுதுனான், திரும்பவும் கையில சாக் பவுடரை தேய்ச்சுட்டு லைன்ல வந்து நின்னான்.