சுவரைத் தொடாத தரை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு மரத்தரை போட ஆள் வைக்காமல் முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு படுக்கையறை அளவுக்கு என்றால் தாராளமாக முடியும். சமையலறை, குளியலறை பக்கம் மட்டும் போகாதீர்கள்.

நம் ஊர்க் கடைகளில் மரத்தரை என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் லேமினேட். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரம்போல் அச்சடித்த தாள், அதற்கும் மேலே தேயாத பூச்சு. 1977-ல் ஸ்வீடனில் பிறந்த சரக்கு இது. முதலில் பசை தடவித்தான் ஒட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியில், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பூட்டு விளிம்பு வந்தது. ஆசாரி அல்லாத நாம் இதில் கை வைக்க முடிவது அந்தப் பூட்டால்தான். வீட்டுக்கு 8 மி.மீ. கனம் போதும். தேய்மானத்தைத் தாங்கும் அளவைச் சொல்லும் தரக் குறியீடு ஏசி3 அல்லது ஏசி4 என்று இருந்தால் போதும்.

பழைய டைல்ஸைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஆனால் மட்டம் பார்த்தே ஆக வேண்டும். 2 மீட்டர் நீள அலுமினியப் பட்டை ஒன்றைத் தரையில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்புங்கள். இல்லாவிட்டால் நடக்கும்போது தரை அமுங்கும், நாளாக ஆகப் பூட்டு உடையும். தரைத்தளம் என்றால் பாலித்தீன் விரிப்பு அவசியம், மண்ணின் ஈரம் மேலேறி வரும். கரையான் வந்த வீடு என்றால் முதலில் மருந்து அடித்துவிடுங்கள். பாலித்தீன் விரிப்பின் மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் விரிப்பு. வாங்கிய பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்து விடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இந்தத் தரையை ஆணியோ பசையோ எதுவும் பிடித்திருக்காது. ஃபோமின் மேல் சும்மா கிடக்கிறது. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், கோடையில் சுருங்கும். அதனால் நான்கு சுவரோரமும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அழகாக இல்லையே என்று சுவரோடு ஒட்டிப் போட்டால், மழைக்காலத்தில் போக இடமில்லாமல் நடுவில் கூடாரம்போல் எழும்பும். இடைவெளியை ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓடும் பட்டை, மறைத்துக்கொள்ளும். அந்த ஸ்கர்ட்டிங்கையும் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அடிக்கக் கூடாது.

பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னக் கணக்கு. அறையின் அகலம் 2,980 மி.மீ. இருபுறமும் பத்துப் பத்து போக 2,960. பலகையின் அகலம் 195 என்று வைத்துக்கொள்வோம். 15 வரிசைக்கு 2,925 ஆகிவிடும், மிச்சம் 35. அந்த ஒல்லித் துண்டு கடைசியில் வந்தால் பூட்டும் நிற்காது, பார்க்கவும் சகிக்காது. சரி, என்ன செய்வது? 195-ஐயும் 35-ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள், 115. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 115 ஆக அறுத்தால் நடுவில் 14 முழு வரிசை சரியாக உட்காரும். பலகைக்குக் கை நீட்டும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

மற்றபடி வேலை சுலபம். பலகையைச் சாய்த்து, அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைப் பக்கத்துப் பலகையின் பள்ளத்தில் விட்டு அமுக்கினால் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள், கட்டை ஒன்றை வைத்துத் தட்டுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் ஓர் அடியாவது தள்ளி வரட்டும். ஒரு வரிசையில் அறுத்த மிச்சம் அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு ஆகும். கைரம்பமே போதும், ஜிக்ஸா இருந்தால் வேகமாக முடியும். அறுக்கும் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூள் மூக்குக்கு ஆகாது.

நேரத்தைத் தின்பது கதவுதான். ஃபோமும் பலகையும் சேர்ந்து தரை ஒரு சென்டிமீட்டராவது உயர்ந்துவிடும், கதவு உரசும். கதவைக் கழற்றி அடியை இழைக்க வேண்டும். நிலைக்காலைச் சுற்றிப் பலகையை வெட்டிப் பொருத்த முயலாதீர்கள். நிலைக்காலின் அடியை ஃபோமும் பலகையும் சேர்ந்த கனத்துக்கு அறுத்து, பலகையை உள்ளே நுழைத்துவிடுங்கள். வாசலில் ஓர் அலுமினியப் பட்டை வைத்துவிட்டால் மேடுபள்ளம் மறைந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு கதவுக்கு ஸ்டாப்பர் வைக்கிறேன் என்று தரையில் துளை போட்டுத் திருகு ஏற்றுபவர்கள் உண்டு. அந்த ஒரு திருகு போதும், தரை அங்கேயே ஆணியடித்ததுபோல் நின்றுவிடும், விரிய வழியில்லை. ஸ்டாப்பரைச் சுவரிலோ கதவிலோ மாட்டுங்கள்.

அப்புறம், துடைப்பது. தினமும் வாளித் தண்ணீரில் முக்கித் துடைக்கிற வீடா உங்கள் வீடு? அந்தப் பழக்கத்தை விட மனமில்லை என்றால் டைல்ஸே இருக்கட்டும், தப்பில்லை. மூட்டு வழியே இறங்கும் தண்ணீர் பலகையின் ஓரத்தை ஊத வைக்கும், ஊதியது திரும்ப வற்றாது. நன்றாகப் பிழிந்த துணி போதும். வேலைக்கு வருகிற அம்மாவிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். 120 சதுர அடி அறைக்கு 132. மிஞ்சுவதைப் பரணில் படுக்கவைத்துப் பத்திரப்படுத்துங்கள், இரண்டு வருஷம் கழித்து அதே நிறம் கடையில் கிடைப்பது சந்தேகம். வணக்கம்.