எலி வளையானாலும் தனி வளை
மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாரத்தான் ஓட்டக்காரர்களை வழியனுப்பும் விழாவில் ஆற்றிய உரை

அவைக்குத் தலைமை தாங்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே ஈப்போவிலிருந்து வந்து குத்துவிளக்கு ஏற்றி வைத்த, அரசப் பட்டம் பெற்ற டத்தோ அவர்களே, இம்மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் சமைத்துப் போட்ட மகளிர் பிரிவுத் தாய்மார்களே, பெயர் விடுபட்டாலும் மனத்தாங்கல் கொள்ளாத பெரியோர்களே, இன்றைய நாயகர்களாகிய நான்கு தம்பிகளே, இரண்டு தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தமக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தையும் நிதியிலேயே சேர்த்துவிடுங்கள் என்று டத்தோ அவர்கள் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். செயலாளர் கேட்கவில்லை, போர்த்தியே விட்டார். அவர் பெருந்தன்மைக்கு நன்றி. செயலாளரை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஓட்டம் எத்தகையது, அதன் மூலம் திரட்டும் பணத்துக்குக் கணக்கு எப்படி, அந்தப் பணம் யாருக்காக என்ற மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகள் ஆறு பேரும் கோலாலம்பூரில் முழு மாரத்தான் ஓடப்போகிறார்கள். அதன் தூரம் 42.195 கிலோமீட்டர். 1896இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் மாரத்தான் தொடங்கியபோது இந்த அளவு இல்லை. 1908இல் இலண்டனில் வின்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கின் அரச மேடை வரை ஓடவைத்தபோது வந்து சேர்ந்த தூரம் இது. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. நமக்குப் புரியும்படி சொன்னால், இங்கிருந்து ஈப்போ போய்ச் சேர்ந்த பிறகும் ஓடத் தூரம் மிச்சமிருக்கும். நம் நாட்டு வெயிலுக்கு அஞ்சி, பொழுது புலர்வதற்கு வெகு முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டில், அதாவது தோட்டத்து அதிகாலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் கொடுத்துவிட்டு இரப்பர்ப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்த தாய்மார்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே அதிகாலை எழுவது எப்படி என்று நம் ஓட்டக்காரர்களுக்கு யாரும் ஈப்போவிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. டத்தோ மன்னிக்க வேண்டும்.

நன்கொடை தருபவர் கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட் என்று ஒப்புக்கொண்டால் ஓர் ஓட்டக்காரருக்கு 42 ரிங்கிட் ஆகிறது. மிச்சமிருக்கும் 195 மீட்டரை டத்தோ அவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். இனி அந்தப் பணம் யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எந்த மேடையிலும் நான் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்கியதில்லை என்பது செயற்குழுவினருக்குத் தெரியும். இன்று அதற்கு ஒரு கதையும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் சுவாமியின் பெயர், அதன் கீழ் ஆலயத்தின் முகவரி. அனுப்பியது, சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் ஊழியர் சேமநிதி வாரியம். எழுத்தர் அதைச் செயலாளரிடம் கொடுத்தார்; செயலாளர் பொருளாளரிடம் கொடுத்தார்; பொருளாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “சுவாமிக்குச் சேமநிதி கட்டுவது யார்?” என்று கேட்டார். அன்று மாலைச் செயற்குழுவில் அதுதான் முதல் பொருள். சுவாமிக்கு 55 வயது ஆகிவிட்டதா, பணத்தை மீட்கலாமா என்று ஒருவர் கேட்டார். முதலாளியின் பங்கைத் தலைவர்தானே கட்ட வேண்டும், அவரைக் கேளுங்கள் என்றார் இன்னொருவர். தலைவர் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள். குருக்கள் ஒருவர் மட்டும் அன்று சிரிக்கவில்லை. வாகன மண்டபத்தில், மயில் வாகனத்துக்குப் பின்னால், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பையன் வந்து பாயை விரிப்பதும், கொசுவர்த்தி கொளுத்துவதும், நடை திறப்பதற்குள் சாம்பலைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டுக் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சுவாமியின் பெயர்தான் அவனுக்கும். விண்ணப்பத்தில் முகவரிக்கென்று விட்ட இடத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். தான் படுக்கிற இடத்தை எழுதினான். அதில் என்ன பொய் இருக்கிறது? அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கேள்வி முடிவதற்குள் அவன் சொன்னது, “ஐயா, நான் ஒரு நாள்கூட மின்சாரக் காற்றாடி போட்டதில்லை” என்பதுதான்.

அவன் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்தான் சிறார். அந்த வயதைத் தாண்டிய அன்று சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன்; ஆனால் கையில் முன்பணம் இல்லை, ஜாமீன் சொல்ல ஆள் இல்லை, வாடகை வீடு யார் கொடுப்பார்கள்? 12 வயதில் எடுத்த அடையாள அட்டையை அதே 18 வயதில்தான் மாற்றவும் வேண்டும். அதிலும் முகவரி கேட்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டாம் பிறந்த நாளில் அணிச்சல் (கேக்) வெட்டுகிறோம். அவனுக்கு அன்று பையைக் கட்ட வேண்டியிருந்தது.

இது எங்கோ இருக்கிற பிள்ளைகளின் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாம் பிறந்த, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடாகிய லயத்து வீடு நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. அப்பாவுக்கு ஓய்வு வயது என்றால் குடும்பம் முழுவதற்கும் சட்டி பானை கட்டும் வயது. எலி வளைகூட நமக்கு இரவல்தான். 1960களில், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒருசேர இழக்கும் நிலைக்கு வந்தன. அப்போது, 1919இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலாயா இந்தியர் காங்கிரசுத் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் அன்றைய நாணயத்தில் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். அந்தப் பத்து வெள்ளி கொடுத்தவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர்.

ஆகவே திரட்டும் பணத்தைப் பொட்டலம் பொட்டலமாகப் பங்கிட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் திட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. செயற்குழுவிலும் எதிர்த்தேன், இங்கும் எதிர்க்கிறேன். ஊரின் எல்லையில் பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சுவர்கள் திடமாக இருக்கின்றன. கூரைத் தகரத்தையும் மின்கம்பிகளையும் மாற்றி, ஈரடுக்குக் கட்டில்கள் போட்டால், 18 முதல் 21 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகள் தங்கலாம். ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, வாசலில் ஒரு தபால் பெட்டி. நான் கேட்பது மாளிகை அன்று. எலி வளைதான், ஆனால் சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். நீண்ட காலக் குத்தகைக்கு வீட்டைப் பெற்றுத் தரும் பொறுப்பைச் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இத்தனை பேர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். தலையசைத்தார், எழுத்தர் அதைக் கூட்டக் குறிப்பில் பதிந்துகொள்ளட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. நிதிப் பாரங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பெயரும் தொகையும் எழுதி, பொருளாளரிடம் இரசீது வாங்காமல் போகாதீர்கள். முதல் பாரத்தில் டத்தோ அவர்கள் கையெழுத்திட்ட பிறகுதான் சாப்பாட்டுப் பந்தி திறக்கும் என்று மகளிர் பிரிவினர் அறிவிக்கச் சொன்னார்கள். நன்றி, வணக்கம்.