பிரசவ வலியில தண்ணி கேட்டா குடுக்கக் கூடாதா? (கூடவே ஒரு ஸ்ட்ராவுக்கு நான் அலைஞ்ச கதை)

ஹாய் மக்களே. மூஞ்சியப் பாத்தாலே தெரியும், தூக்கமே இல்ல. தங்கச்சிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. நார்மல்தான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பாப்பாவக் காட்டுங்கன்னு கேக்காதீங்க, காட்ட மாட்டேன், அது நம்ம சேனல்ல ஆரம்பத்துல இருந்தே சொல்றதுதான்.

போன வீடியோல ஆஸ்பத்திரிப் பை காட்டுனேன்ல, அதுல கஞ்சி ஃப்ளாஸ்க் இருந்துச்சு. அதுக்குக் கமெண்ட்ல என்ன திட்டு! "வலி வந்துட்டா பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது." சரி, கமெண்ட்தானன்னு விட்டுட்டேன். ஆனா லேபர் வார்டுலயும் அதே பேச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல. தங்கச்சிக்கு பிபி இல்ல, சுகர் இல்ல, ஒரு கோளாறும் இல்ல. உதடு காஞ்சு தோலு உரியுது, "அக்கா, ஒரு வாய் தண்ணி"ங்குறா. சிஸ்டர் பஞ்ச நனைச்சு உதட்டுல ஒத்துறாங்க. ஏன்னு கேட்டா, "அதான் ட்ரிப்ஸ் ஏறுதுல்ல?" ட்ரிப்ஸ் ஒடம்புக்குப் போகும்மா, நாக்குக்கு யாரு போடுவா?

இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, நியூயார்க்ல இருந்து! 1946ல கர்ட்டிஸ் மெண்டல்சன்னு ஒரு டாக்டர் எழுதுன கட்டுரை. 44,016 பிரசவத்தப் பாத்திருக்கார், அதுல 66 பேருக்கு மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருந்தது நுரையீரலுக்குள்ள போயிருக்கு. செத்தது ரெண்டு பேர், ரெண்டுமே கெட்டிச் சாப்பாடு அடைச்சு. பயம் நியாயமான பயம்தான். மாசமா இருக்கும்போது எரப்பைக்கு மேல இருக்குற மூடி தளர்ந்துரும், வலி நேரத்துல செரிமானமும் மந்தமாயிரும். ஆனா அப்பல்லாம் மூஞ்சில மாஸ்க்க வச்சு ஈதர் குடுத்து முழுசா மயக்கிருவாங்க, மூச்சுக் குழாய்ல ட்யூபும் இருக்காது. இப்ப சிசேரியன்னா பெரும்பாலும் முதுகுல ஊசிதான், அம்மா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. முழு மயக்கம் குடுத்தாலும் ட்யூப் போட்டுத்தான் குடுக்குறாங்க. இன்னொண்ணு, பட்டினி போட்டா வயிறு காலியாயிருமா? ஆகாது. அமிலம் அது பாட்டுக்குச் சுரந்துக்கிட்டேதான் இருக்கும்.

நல்ல வேளை, பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "மேடம், தண்ணி குடுக்கலாமா?" "யாரு வேணாம்னா? தண்ணி, இளநீர், கஞ்சித் தண்ணி எல்லாம் மடக்கு மடக்கா குடுங்க. சோறு மட்டும் இப்ப வேணாம்." முடிஞ்சது கத!

முடியல. இப்பத்தான் ஆரம்பிக்குது. ஒருக்களிச்சுப் படுத்திருக்கவ டம்ளர்ல எப்படிக் குடிப்பா? கழுத்துலதான் ஊத்தும். ஸ்ட்ரா வேணும், அதுவும் வளையுற ஸ்ட்ரா. நம்ம ஊர்ல 2019 ஜனவரில இருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, நல்ல விஷயம்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மெடிக்கல் கடைல பேப்பர் ஸ்ட்ரா தர்றாங்க. பேப்பர் ஸ்ட்ராவக் கண்டாலே எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். சூடான கஞ்சில வச்சேன், நாலு உறிஞ்சுல தொளதொளன்னு ஆகி, அவ வாயில துண்டு துண்டா பேப்பரு. வலி வேற வருது, துப்புறா, என்னய வையுறா. ஜூஸ் கடைல கேட்டா ஜூஸ் வாங்குனாத்தான் ஸ்ட்ராவாம், அந்த ஜூஸ் எண்பது ரூபா, ஸ்ட்ரா அதுவும் பேப்பரு! கடைசில பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்ல, பள்ளிக்கூடப் புள்ளைங்க சிப்பர் பாட்டில், உள்ள சிலிக்கான் ட்யூப் வச்சது. டைனோசர் படம் போட்டது. இருநூத்தம்பது சொன்னார், இருநூறுக்குப் பேசுனேன். அடச்சே, அத முதல்லயே பையில வச்சிருக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, இப்ப வச்சுக்கோங்க. லேபர் வார்டே அந்த டைனோசரப் பாத்துச்சு. பக்கத்து பெட் அக்காவோட அம்மா உடனே கீழ போய் அதே மாதிரி வாங்கிட்டு வந்தாங்க!

சரி, எங்க விட்டேன்... ஆங், ஆராய்ச்சி. உலக சுகாதார நிறுவனம் 2018லயே சொல்லிருச்சு, சிக்கல் இல்லாத பிரசவம்னா வலி நேரத்துல சாப்பிடவும் குடிக்கவும் விடுங்கன்னு. அதுக்காகச் சாப்பிட்டா சுகப்பிரசவம், சீக்கிரம் பொறக்கும்னு கெளம்பிராதீங்க. லண்டன்ல 2,400க்கும் மேல தலைப்பிரசவக்காரங்கள வச்சுப் பாத்தாங்க, பாதிப் பேருக்கு லேசான சாப்பாடு, பாதிப் பேருக்குத் தண்ணி. நேரத்துலயும் வித்தியாசம் இல்ல, சிசேரியன்லயும் இல்ல, வாந்திலயும் இல்ல. கெடுதல் இல்ல, அதிசயமும் இல்ல. அப்ப தாகமா இருக்கவளுக்கு எதுக்குத் தண்ணிய மறுக்கணும்? எனக்கு இது மட்டும்தான் கேள்வி.

அய்யோ, முக்கியமானத சொல்லாம விட்டுட்டேன். இது எல்லாருக்கும் இல்ல. வலி கொறையப் பெத்திடின் மாதிரி ஊசி போட்டிருந்தா, பிபி ஏறியிருந்தா, சிசேரியன் வரலாம்னு டாக்டர் சந்தேகப்பட்டா, கெட்டிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம், தண்ணிகூட அவங்கள கேட்டுத்தான். தேதி குறிச்ச சிசேரியன்னா கணக்கே வேற, வழக்கமா லேசான சாப்பாட்ட ஆறு மணி நேரம் முன்னாடியும், தண்ணிய ரெண்டு மணி நேரம் முன்னாடியும் நிறுத்தச் சொல்வாங்க. அப்புறம், குடிக்கலாம்னதும் சொம்பு சொம்பா ஊத்துற அத்தைங்க இருக்காங்களே! வலி வர வைக்கிற மருந்து ட்ரிப்ஸ்ல போகும்போது ஒடம்பு தண்ணியத் தேக்கி வைக்கும், மேல மேல வெறுந்தண்ணிய ஊத்துனா ரத்தத்துல உப்பு கொறஞ்சுரும், அது ஆபத்து. மடக்கு மடக்காத்தான்.

விளக்கெண்ணெய் குடுத்தா வலி வந்துரும்னு எங்க பெரியம்மா பாட்டிலோட வந்து நின்னாங்க. அது வயித்தால போகும், கொமட்டும், ஏற்கனவே காஞ்சு கெடக்குறவள இன்னும் காய வைக்கும். பாட்டில வாங்கி என் பையில போட்டுட்டேன். இன்னும் திருப்பிக் குடுக்கல.

இதெல்லாம் லேபர் வார்டு வாசல்ல நின்னு சண்டை போடுற விஷயம் இல்ல. ஒம்பதாம் மாச செக்கப்லயே கேட்டு, சீட்டுல எழுதி வாங்கிருங்க. டூட்டி மாறுனாலும் அந்தச் சீட்ட நீட்டலாம். சரி, பத்தியக் கொழம்பு அடுப்புல இருக்கு, பூண்டு தீய்ஞ்சா எங்கம்மா என்னய வறுத்துருவாங்க. பை!